‘இரண்டு பிரதிகள்’ என்று எழுதிய கை

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என் மேசைமேல் ஒரு தாளும், பக்கத்தில் ஆவி பறக்கும் காபியும் இருந்தன. ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த மாடி அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். காபியை நானே கீழே போய் வாங்கிக் குடித்துத்தான் பழக்கம். யாரோ வாங்கி வைத்திருந்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு வரிகள். முப்பத்தொன்றிலும் ஒரே தலைப்பு: ‘நிலத்தடி வேலைகளின் நிலை பற்றிய அறிக்கை’. ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் ஒரு கட்டம். கட்டங்களுக்கு மேலே ஆங்கிலத்தில், ‘திறந்து பார்த்தேன், எல்லாம் ஒன்றேதான்’ என்று அச்சடித்திருந்தார்கள். கீழே என் பெயர். கையெழுத்துக்கு ஒரு கோடு.

எங்கள் மேலாளர் கிரண் எதிரே வந்து நின்றார். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கன்டோன்மென்ட் பையன்களோடு கிரிக்கெட் ஆடியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

“பிரேமா மேடம், சும்னே ஒரு சைன். ஃபார்மாலிட்டி, அஷ்டே, அவ்வளவுதான்.”

“திறந்து பார்த்தேன்னு போட்டிருக்கே கிரண். நான் எதைத் திறந்து பார்த்தேன்?”

“நீங்க பார்க்க வேணாம் மேடம். நியூ சாஃப்ட்வேர் பார்த்துடுச்சு. எல்லாம் டூப்ளிகேட். ஒண்ணை வெச்சிட்டு மிச்ச முப்பதை எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்குப் போகணும்.”

“அதுவே பார்த்திருந்தா கையெழுத்தையும் அதுவே போடட்டும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பேனாவை மூடி டப்பாவில் வைத்துவிட்டுக் காபியை மட்டும் குடித்தேன். காபி என்ன பாவம் செய்தது?

டேட்டா என்ட்ரியா?

போன வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: ‘ஆபீஸ், ஆபீஸ் என்கிறீர்களே, அங்கே என்னதான் செய்தீர்கள்?’ நியாயமான கேள்வி. இத்தனை வாரம் சொல்லாமல் கதை அளந்தது என் தப்பு.

பாறையைப் பற்றியோ, தாதுவைப் பற்றியோ, மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றியோ உலகத்தில் ஒருவர் எதையாவது எழுதினால், அது எங்கேயாவது ஒரு மூலையில் அச்சாகும். அச்சானதோடு சரி. தேடுகிறவனுக்கு அது கிடைக்க வேண்டுமே? யார் எழுதினார், எந்த ஊரைப் பற்றி, எத்தனை பக்கம், உள்ளே வரைபடம் உண்டா, நாலு வரியில் சாரம் என்ன, அந்தத் தாள் இப்போது எந்த நூலகத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதுவோம். அப்படி எழுதிய பதிவுகள் சேர்ந்ததுதான் நாங்கள் வேலை பார்த்த தரவுத்தளம். வெளிநாட்டில் ஒரு நிறுவனம் அதை நடத்தியது. பதிவு எழுதும் வேலையை எங்களைப்போல நாலைந்து ஊர்களில் கொடுத்திருந்தார்கள்.

என் அக்கா சரோஜா அதை ‘உன் பொட்டி’ என்பாள்.

அந்தப் பெட்டிக்காக நான் படிக்காத பூமி இல்லை. அசாமில் எண்ணெய் தோண்டியது, காவிரிப் படுகையில் துளை போட்டது, பாலைவனத்தில் எரிவாயு கிடைத்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. நேரில் பார்த்த எண்ணெய்க் கிணறு என்றால், ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பெட்ரோல் பங்க் ஒன்றுதான்.

நான் பிறந்தது கோலார் தங்கவயல். படித்தது பி.எஸ்ஸி. ஜியாலஜி. அப்பா கீழே இறங்கி உடைத்த கல்லை நான் மேலே உட்கார்ந்து படித்தேன். சுரங்கத்தை மூடியபிறகு வேலை தேடி பெங்களூர் வந்தேன். முதல் சில வருஷங்கள் தங்கவயலிலிருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் போக வர, பிறகு ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு.

எங்கள் தெருவில் ஒரு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “டேட்டா என்ட்ரிதானே பண்றீங்க?” என்று கேட்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: “நீங்க சமைக்கிறது வெறும் அடுப்பு பத்த வைக்கிறதுன்னா, நான் பண்றதும் டேட்டா என்ட்ரிதாங்க.” அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கலும் வரவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த வரி

எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். நான் சேர்ந்த நாளிலிருந்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. செல்லோடேப் பழுத்துப் பழுப்பாகி, ஒரு மூலை கழன்று, ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்: ‘தாள் கையில் இல்லாவிட்டால் பதியாதே.’

மூன்று இடத்தில் திறக்க வேண்டும். முதல் பக்கம், நடுவில் வரைபடம் இருக்கும் இடம், கடைசிப் பக்கம். திறந்து பார்த்தவள் பதிவின் அடியில் தன் இனிஷியல் இரண்டு எழுத்தைப் போட வேண்டும். எனக்கு பி.எஸ். அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம், ‘நான் கண்ணால் பார்த்தேன்’ என்பது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு கதை சொல்கிறேன். பேர் வேண்டாம். யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் தன் கட்டுரையின் கடைசியில், இல்லாத ஒரு அறிக்கையைத் தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டார். அதைப் பார்த்து, தாளைப் பார்க்காமலே எங்கள் ஆள் ஒருவர் பதிவு எழுதிவிட்டார். பிறகென்ன, வருஷக்கணக்கில் அந்த அறிக்கையைக் கேட்டுக் கடிதங்கள். எழுதப்படாத அறிக்கைக்கு அத்தனை கிராக்கி. கடைசியில் அதை நீக்குவதற்குள் அது இன்னும் நாலு கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

இல்லாததை இருக்கிறது என்று எழுதினால் இந்த வேடிக்கை. இருப்பதை இல்லை என்று எழுதினால் வேடிக்கையாக இருக்காது. அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

ஓடிப்போன எலுமிச்சம்பழம்

அந்தத் தாள் என் மேசைக்கு வந்ததற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலாவது லைன், நாங்கள் பிறந்த அதே வீடு. அக்கா, அவள் மகன், மருமகள், கைக்குழந்தை.

காற்று அடித்தால் தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி இன்னும் வாசல்வரை வந்து பல்லில் நறநறக்கிறது. உள்ளே போனதும், சுவரில் புத்தர் படம் கோணலாக இருப்பதைப் பார்த்துச் சரிசெய்யப் போனேன்.

“அது நேராதான் கீது. சுவருதான் சாஞ்சிகீது,” என்றாள் அக்கா.

சமையலறைக் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தாள். அது ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக உருளத் தொடங்கி, வேகம் பிடித்து, குழந்தையின் தூளி தொங்கிய மூலையில் போய் இடித்து நின்றது. அந்த மூலையில் சிமென்ட் தரை பிளந்து, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் விட்டிருந்தது.

“இன்னாக்கா இது? சொரங்க ஆபீஸ்ல போய் சொன்னியா?”

“நாலு தபா போய்ட்டு வந்துட்டேன். ‘உங்க பாத்ரூம் தண்ணி ஒழுகுது, அதான் தரை எறங்குது’ன்றான். ‘சாமி, இந்த லைனுக்கு அடியில பழைய சொரங்கம் கீது, எங்கப்பன் சொல்லிகீறாரு’ன்னேன். ‘உங்கப்பன் சொன்னதெல்லாம் ரெகார்டு இல்ல, நாலாவது லைனுக்கு அடியில வேலை நடந்ததுக்கு எங்கயும் ரெகார்டே கெடையாது’ன்னுட்டான். கல்லு மண்ணப் பத்தி எய்துனதெல்லாம் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்ல தேடிட்டானுங்களாம்.”

அந்தப் பெரிய கம்ப்யூட்டர் எதுவென்று எனக்குத் தெரியும். நான் தினமும் உட்காரும் பெட்டி அது.

“தூளிய அந்த மூலையிலேர்ந்து எடுத்துடுக்கா.”

“எங்க கட்டறது? வேற எந்தக் கொக்கி நேரா கீது?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ தேடு. அவனுங்களுக்குத் தேடத் தெரியாது. உன் பொட்டி உனக்குத்தானே தெரியும்,” என்றாள்.

பி.எஸ்.

காபி குடித்து முடித்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். கிரண் போனதும் பெட்டியைத் திறந்து தேடினேன். நாலாவது லைன் என்று தேடினால் ஒன்றும் இல்லை. தங்கவயல், நிலத்தடி வேலை, மேல்மட்டம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வந்ததெல்லாம் கிரணின் தாளில் இருந்த அதே முப்பத்தொன்று. வருஷத்துக்கு ஒன்றாகச் சுரங்கத்தில் போட்ட அறிக்கைகள். அட்டையில் வருஷம் கிடையாது, ஒரே தலைப்பு, கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் பக்கங்கள். வருஷம் மட்டும் மாறினால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அது முப்பத்தொன்றையும் ஒன்றாக்கிவிட்டது.

வருஷங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்து, நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தது. அதற்கு முந்தின வருஷத்துப் பதிவைத் திறந்தேன். அடியில் ஒரு குறிப்பு: ‘இரண்டு பிரதிகள் உள்ளன.’ குறிப்புக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து. பி.எஸ்.



பதிவு எழுதிய மாதம் டிசம்பர் என்று இருந்தது. நான் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த காலம். டிசம்பர் என்றால் அவரைக்காய் பருவம். சாயங்கால மாரிக்குப்பம் ரயிலில் எங்கள் பெண்கள் கூட்டம் ஒரு மூலையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே வரும். ஆளுக்கு ஒரு பை. ஊர் வம்பு, சிரிப்பு, தோலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. மறுநாள் காலையில்கூட விரலில் அந்தப் பச்சை வாசனை போகாது. அந்த ரயிலை விட்டால் அன்றைக்கு நாள் பாழ். அதனால் நாலரை மணிக்கே என் கால்கள் மேசைக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும்.

அப்படி ஒரு நாலரை மணிக்கு, ஒரே பச்சை அட்டையில் ஒரே தலைப்போடு இரண்டு புத்தகங்கள் என் மேசையில் இருந்திருக்க வேண்டும். முதல் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாவதைத் திறக்கவில்லை. ‘இரண்டு பிரதிகள்’ என்று எழுதிவிட்டு ஓடிவிட்டேன். இப்படித்தான் நடந்திருக்கும் என்று பதிவைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அவரைக்காய் மேல் பழி போட மாட்டேன். திறக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

இப்போது இன்னொரு முறை, முப்பத்தொரு கட்டங்களில், திறக்காமலே போடச் சொல்கிறார்கள்.

கார் ஷெட்

அந்த அறிக்கைகளின் அச்சுப் பிரதிகள், அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய கார் ஷெட்டில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. சுரங்கத்து நூலகம் மூடியபோது எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தவை. எங்களுக்குத் தெரிந்து வேறு எங்கும் பிரதி இல்லை. வீட்டுக்காரர் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம் நசீமைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். நசீம் ஸ்கேனரில் வேலை செய்பவள். பிரேசர் டவுன்காரி. வீட்டில் தக்கினி உருது பேசுவாள், என்னோடு தமிழ், கிரணோடு கன்னடம், ஸ்கேனரோடு மூன்றும் கலந்து திட்டு.

“அரே பிரேமாக்கா, இதுல எந்தப் பொட்டியில இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அச்சா. அப்ப எல்லாத்தையும் தொறக்கணும்.”

தொறந்தோம். அந்துருண்டை வாசனை, செத்த பூச்சிகள், ஈரம் பட்டு ஒட்டிப்போன பக்கங்கள். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு நசீம் பெட்டிகளை இழுக்க, நான் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். ஏழாவது பெட்டியில் பச்சை அட்டைகள் வந்தன. எண்ணினேன். முப்பத்திரண்டு.

பதிவு முப்பத்தொன்று. புத்தகம் முப்பத்திரண்டு.

நான் ‘இரண்டு பிரதிகள்’ என்று எழுதிய அந்த இரண்டையும் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டாவதின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இத்தனை வருஷத்தில் யாரும் பிரித்ததில்லை. அட்டையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் விட்டுப்போன அந்த வருஷம், கொட்டை எழுத்தில்.

பின்னட்டையின் பையில் மடித்து வைத்த வரைபடம் இருந்தது. கிழியாமல் மெல்ல விரித்தேன். மேலே வரிசை வரிசையாகச் சின்னச் சதுரங்கள். ஒரு வரிசைக்குப் பக்கத்தில் நாலாவது லைன் என்று எழுதியிருந்தது. சதுரங்களுக்குக் கீழே, அதிக ஆழமில்லாத இடத்தில், ஒரு நீளமான கோடு போட்ட பகுதி. ஓரத்தில் விளக்கம்: பழைய வேலை, அதாவது முன்பு தோண்டிய இடம், முழுதாக நிரப்பப்படவில்லை. ஆறாவது சதுரம் எங்கள் வீடு. நான் விரலை வைத்துப் பார்த்தேன்.

நசீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், அவரைக்காய், திறக்காத புத்தகம், தூளி. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. எங்கப்பா சொன்னதை ரெகார்டு இல்லை என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். ரெகார்டைப் புதைத்தது அவர் பெற்ற பெண்.

நசீம் தூசிக் கையோடு என் தோளைத் தட்டினாள். “ஆயிடுச்சுக்கா. ஆனது ஆச்சு. அழுதீங்கன்னா மேப்பு நனையும். எழுந்திரிங்க, மொதல்ல இதை ஸ்கேன் பண்ணலாம்.”

அன்றும் மறுநாளும் முப்பத்திரண்டையும் திறந்தேன். முதல் பக்கம், வரைபடம், கடைசிப் பக்கம். ஒன்றுபோல இன்னொன்று இல்லை. ஒரு வருஷத்தில் நீர் புகுந்த இடம், ஒரு வருஷத்தில் பாறை வெடித்த இடம், ஒரு வருஷத்தில் மூடிய வழிகள். முப்பத்திரண்டு வருஷம் பூமிக்கடியில் ஆட்கள் நடந்த பாதை அத்தனையும் அதில் இருந்தது. அதைத்தான் ஒன்றேதான் என்று சொல்லச் சொல்கிறார்கள்.

முப்பத்தொரு கட்டங்கள்

வெள்ளிக்கிழமை காலை கிரண் மேசையில் தாளை வைத்தேன். முப்பத்தொரு கட்டங்களிலும் என் கையால், ‘திறந்து பார்த்தேன். ஒன்றல்ல. பி.எஸ்.’ என்று எழுதியிருந்தேன். கட்டம் போதவில்லை. எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம்வரை போயிருந்தது.

கிரண் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், ஏன் மேடம்? இது ஒரு பாட்ச்தான். அடுத்த மாசம் நியூ சிஸ்டம் வருது. யாரை வெச்சுக்கறதுன்னு லிஸ்ட் போடறாங்க. நீங்க கோ-ஆபரேட் பண்ணீங்கன்னு நான் எழுதலாம்னு இருந்தேன்.”

“இப்பவும் எழுதுங்க. திறந்து பார்த்தேன்னு எழுதச் சொன்னீங்க, திறந்து பார்த்துட்டேன். இதைவிட என்ன கோ-ஆபரேட் பண்றது?”

“இன்னொண்ணு மேடம்.” கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நான் முந்தின நாள் எழுதிய முப்பத்திரண்டாவது பதிவு. வருஷம், தலைப்பு, வரைபடம் உண்டு, நாலாவது லைன், மேல்மட்டப் பழைய வேலை, நாலு வரிச் சாரம். அதற்கும் அடியில் ஒரு குறிப்பு: ‘திருத்தம். இந்த அறிக்கை முன்பு, திறந்து பார்க்கப்படாமல், முந்தைய ஆண்டின் இரண்டாம் பிரதி என்று தவறாகக் குறிக்கப்பட்டது. தவறு செய்தவர் பி.எஸ். இப்போது திறந்து பார்த்துத் திருத்தியவர் பி.எஸ்.’

“இந்தக் கடைசி லைன் பேடா மேடம், வேணாம். பதிவு இருக்கட்டும். ஆனா தப்பு நான்தான் பண்ணேன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, அவங்க அதையே பிடிச்சுக்குவாங்க. ப்ளீஸ். எடுத்துடுங்க. யாருக்கும் தெரியாது.”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“யாருக்கும் தெரியாதுன்னுதான், கிரண், அன்னிக்கு நான் திறக்காம ரயிலுக்கு ஓடினேன். எங்கக்கா பேத்தி அந்தப் பள்ளத்துமேல தூளியில தூங்குது. இந்த லைன் இருக்கும். நீங்க எடுத்தீங்கன்னா, எடுத்தது யாருன்னு உங்க எழுத்தைப் போட்டு எடுங்க.”

ஃபேன் காற்றில் அந்தச் சுவர்த் தாள் படபடத்தது. கிரண் மவுஸைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். பதிவு கிளையன்ட்டுக்குப் போய்விட்டது, கடைசி வரியோடு.

“கார் ஷெட் பொட்டி எல்லாம் நாளைக்கு பேப்பர்காரனுக்குப் போகுது,” என்று தாளைப் பார்த்தபடியே சொன்னார். “நான் படிச்ச காலேஜ்ல ஜியாலஜி லைப்ரரி இருக்கு. அங்க எனக்கு ஒருத்தர் தெரியும். இன்னிக்கே டெம்போ வந்தா நான் பார்க்கலை.”

அன்றைக்கே டெம்போ வந்தது. நசீமும் நானும் ஏற்றினோம். பதிவில் ‘எங்கே இருக்கிறது’ என்ற இடத்தில் அந்தக் கல்லூரி நூலகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் அன்று செருப்பு மாட்டினேன்.

அடுத்த மாதம் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. காரணம் கேட்டு எழுதினேன். ‘பதிவில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் என்னைக் காட்டிக்கொடுத்த வரியை வைத்தே என்னை வெளியே அனுப்பினார்கள். வருத்தமாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபது வருஷ மேசை. ஆனால் அந்த முப்பத்திரண்டு பதிவுகளும் இன்றுவரை முப்பத்திரண்டாகவே இருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.

கடைசி வரி

பதிவின் அச்சையும் வரைபடத்தின் நகலையும் அக்காவிடம் கொடுத்து, அவளோடு நானும் அந்த ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி அக்காவைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

“அம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? ரெகார்டு இல்ல.”

“கீது,” என்று அக்கா தாளை மேசையில் வைத்தாள். “தாளு எந்த லைப்ரரில கீதுன்னு கூட போட்டுகீது. போய் பாத்துட்டு வந்து பேசு.”

அவர் படித்தார். வரைபடத்தைப் புரட்டினார். “இவ்வளவு நாள் இல்லாத ரெகார்டு திடீர்னு எங்கிருந்து வந்துச்சு? யாரும்மா போட்டது இதை?”

“நான்தான்,” என்றேன். “கடைசி வரியைப் படிங்க.”

படித்தார். மறுபடி ஒருமுறை, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தார். தவறு செய்தவர் பி.எஸ். திருத்தியவர் பி.எஸ். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்க தப்பை நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க?”

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“ஆமா சார். என் தங்கச்சி ஒரே ஒரு தபா தொறக்காம எய்திட்டா. தப்புன்னு தெரிஞ்சதும் ஊரு உலகமே பாக்கற எடத்துல ஒத்துகினு எய்தி, அதுக்கு வேலையயும் உட்டுட்டு வந்து நிக்கறா. நீங்க நாலு தபா தொறக்காமலே என் பாத்ரூம் ஒழுகுதுன்னு எய்திகீறீங்க. உங்க தப்ப எப்போ சார் எய்தப் போறீங்க?”

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மணியடித்து யாரையோ கூப்பிட்டு, நாலாவது லைனுக்கு ஒரு நாள் குறிக்கச் சொன்னார்.

அந்த நாளில் எனக்குக் காய்ச்சல். ஆஸ்டின் டவுனில் படுத்திருந்தேன். மத்தியானம் அக்கா போன் செய்தாள். பின்னால் துளை போடும் இயந்திரத்தின் சத்தம், சனங்களின் கூச்சல். லைன் முழுக்க சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார்களாம். குழந்தை பக்கத்து லைனில், வேறொருத்தி மடியில் தூங்குகிறதாம்.

“இன்னாக்கா ஆச்சு?”

“போட்டுகினே இருந்தானுங்கடி. கல்லு, கல்லு, கல்லு. நடுவுல ஒரேயடியா குச்சி உள்ள போச்சு பாரு. புடிச்சிகினு இருந்தவனே தடுமாறிட்டான். அடியில வெறும் ஓட்டை. அந்த ஆபீஸரு பக்கத்துலயே நின்னு பாத்துகினு கீறாரு.”

“இன்னா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல,” என்றாள் அக்கா. “எய்திகினு கீறாரு.”